ஓம் என்று தொடங்கும் இசைத்தட்டு

அக்காவின் கணவர், என் அத்தான், ஒரேயொரு ராக் இசைத்தட்டுத்தான் வெளியிட்டார். அட்டையின் மூலைகள் மழுங்கி, அது இப்போது மனுரேவாவில் என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. ஊசியை வைத்தால் முதலில் கிட்டார் வராது. நீண்ட எதிரொலியோடு அத்தானின் குரல் வரும்: "ஓம்... ஓம்..." அந்த ஒரு சொல் அவரைப் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாங்கள் குடியேறிய இந்த வெளிநாட்டு நகரத்தில், ஹென்டர்சன் பக்கம் அவர் வீட்டுக் கராஜில்தான் பதிவு நடந்தது. சுவரெல்லாம் பழைய மெத்தைகள். பாட்டும் கிட்டாரும் அத்தான், கீபோர்ட் நான், டிரம்ஸுக்கு அவரோடு வேலைசெய்த ஒரு சமோவாக்காரர். முதல் பாட்டின் தொடக்கத்தில் கிட்டார் மட்டும் தனியே ஓடும் ஓர் இடம் உண்டு. அதற்காக அத்தான் ஒரு குளிர்காலம் முழுக்க விரல் தேயப் பழகியிருந்தார். அன்று ஆறுதரம் வாசித்தும் அவருக்குத் திருப்தியில்லை. எனக்கோ இடுப்பே விட்டுப்போனது. "அத்தான், இன்னொருக்கா அடிப்பமோ?" என்று எரிச்சலோடுதான் கேட்டேன். அவர் கண்ணை மூடியபடி, களைத்த குரலில், "ஓம்... ஓம்..." என்றார். ஏழாவது தரம் அடித்தாரே! நினைத்தால் இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

ஒலிப்பதிவு செய்த வெள்ளைக்காரருக்கு அந்த ஓம் மந்திரமாகப் பட்டுவிட்டது. நல்ல மனிதர். எங்களுக்கு ஓர் ஆச்சரியமாக இருக்கட்டும் என்று, எதிரொலி சேர்த்துப் பாட்டின் முகப்பிலேயே வைத்துவிட்டார். தட்டு அச்சாகி வந்தபிறகுதான் நாங்கள் கேட்டோம்.

பிறகு நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! பத்திரிகையில் ஒருவர் கீழைத்தேய ஆன்மீகம் என்று புகழ்ந்தார். யோகா வகுப்புகளில் போட்டார்கள். பக்கத்து வீட்டுத் தமிழ்நாட்டு மாமி, "மந்திரத்தைச் சொல்லிட்டு இப்படியா டமார் டமார்னு அடிக்கிறது?" என்று கோபித்தார். அவர் வீட்டில் 'ஆமா' அல்லவா, எங்கள் 'ஓம்' அவருக்கெங்கே விளங்கும்! மனுகாவில் ஒரு மண்டபத்தில் போட்டபோது எங்கள் யாழ்ப்பாணத்துச் சனம் மட்டும் உடனே பிடித்துக்கொண்டது. "ஆர் என்ன கேட்டது, இவன் ஓமெண்டுறான்?" என்று யாரோ கத்த, சிரிப்பு அடங்குமுன்னே கிட்டார் ஓடி முடிந்துவிட்டது. அத்தான் ஒவ்வொருவரிடமும் "கிட்டார் எப்பிடி?" என்று கேட்டுப் பார்த்தார். ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அடுத்த தட்டைப் பற்றிய பேச்சையே அவர் விட்டுவிட்டார். கிட்டார் கட்டிலுக்கு அடியில் போனது. அன்று நான் கேட்காமல் இருந்திருக்கலாமே என்று இத்தனை வருடமும் மனதுக்குள் குமைந்துகொண்டிருந்தேன்.

போன சனிக்கிழமை என் மகள் அந்தத் தட்டை எடுத்துப் போட்டாள். இங்கே பிறந்தவள்; தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில். ஓமுக்கு அவள் சிரிக்கவுமில்லை, கும்பிடவுமில்லை. கிட்டார் முடிந்ததும் ஊசியைத் தூக்கித் திரும்ப வைத்தாள். மூன்றாம் தரமும் வைத்தாள். "அம்மா, ஹூ இஸ் தட் ஆன் கிட்டார்?"

"உன்ர பெரியப்பாதான்" என்றேன். உடனே ஹென்டர்சனுக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு அவளிடம் கொடுத்தேன். அவள் தட்டுத்தடுமாறித் தமிழிலேயே கேட்டாள்: "பெரியப்பா, அந்தக் கிட்டார்... எனக்கு இன்னொருக்கா அடிப்பீங்களோ?"

அந்தப் பக்கம் கட்டிலுக்கு அடியிலிருந்து எதையோ இழுக்கும் ஓசை கேட்டது. எதிரொலி எதுவும் இல்லாமல் அத்தான் சொன்னார்: "ஓம்... ஓம்."