ஊசியை ஒரு மணி திருப்பியவர்

27.2.2005 – கிளட்ச் ஷூ, மூன்று – ரூ. 690.00
9.5.2005 – தையல் மிஷின் எண்ணெய், ஒரு புட்டி – ரூ. 14.00
17.7.2005 – க்ளோ பிளக், இரண்டு – ரூ. 440.00
17.7.2005 – எரிபொருள், நாலு லிட்டர் கேன் – ரூ. 1,450.00
4.9.2005 – சைக்கிள் ஆரக்கம்பி, ஒன்று – ரூ. 1.50
22.1.2006 – டீ, இரண்டு – ரூ. 5.00

அனுமந்தை சகாதேவனின் பம்பு நோட்டில், கடைசிப் பக்கத்தில் இருப்பவை இந்த ஆறு வரிகள். மற்ற பக்கங்கள் எல்லாம் மரக்காணம் உப்பளத்து டீசல் பம்புகள்: எந்தப் பாத்திக்கு எந்த பம்பு, எப்போது ஆயில் மாற்றியது, எந்த வால்வு போனது. பதினாறு வயதில் பம்பு கழற்றத் தொடங்கியவர், நாற்பத்தேழு வயதில் முப்பத்தோரு பம்புகளுக்குப் பொறுப்பு. சுனாமியில் கடல் ஏறி வந்து போன பிறகு அதில் பத்தொன்பதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மணலை எடுத்து மறுபடி ஓட விட்டிருந்தார். இஞ்சினைப் பொறுத்தவரை இனிமேல் தான் பார்க்காதது ஒன்றும் இல்லை என்று அவர் நினைத்திருந்தால் அது ஆணவம் இல்லை.

6.2.2005, ஞாயிற்றுக்கிழமை அந்த நினைப்பு போயிற்று.

அன்று பகல் அவரைத் தேடி வந்தவர் அந்தோணிசாமி. புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று பிரான்ஸில் தூலோன் நகரில் குடியிருப்பவர். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குத் தங்கை லூர்துமேரி வீட்டுக்கு வருவார். வயது அறுபத்தொன்று. கையில் ஒரு நீலத் தகரப் பெட்டி. அதற்குள் முழங்கை நீளத்தில் ஒரு கார் இருந்தது: முள்ளு முள்ளாக ரப்பர் சக்கரம், நாலு பக்கமும் விரல் தடிமனில் ஷாக் அப்சர்வர், நடுவில் ஒரு குட்டி இஞ்சின். மேட்டில் பள்ளத்தில் ரிமோட்டில் ஓட்டுகிற பந்தய வண்டி; 'பக்கி' என்பார்கள். காய்ந்து கிடந்த உப்பளத்தில் ஒரு வாரம் ஓட்டியதில் பேரிங்குகள் இறுகிவிட்டிருந்தன.

"கழட்ட முடியுமாப்பா?"

"பொம்மைதானே, குடுங்க."

"பொம்மையா? நிமிஷத்துக்கு முப்பதாயிரம் சுத்து சுத்தும் இது."

சகாதேவன் சிரித்தார். அவருடைய பம்பு ஆயிரத்து ஐந்நூறு சுற்றும். அதுவே தரையை அதிர வைக்கும்.

ஆனால் இஞ்சினைப் பிரித்ததும் சிரிப்பு நின்றது. பிஸ்டன் சுண்டுவிரல் நுனி அளவுதான். சுற்றிலும் இருக்க வேண்டிய வளையத்தைத் தேடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரிங்கு எங்கண்ணே? உள்ள வுழுந்துடுச்சா?"

"ரிங்கே கிடையாது."

"ரிங்கு இல்லாம கம்ப்ரஷன் எப்படி நிக்கும்?"

அந்தோணிசாமி விளக்கினார். சிலிண்டரின் மேல்வாய், அடியைவிட மயிரிழை குறுகல். குளிர்ந்த நிலையில் பிஸ்டன் மேலே போகும்போது இறுக்கிப் பிடிக்கும். சூடேறியதும் சிலிண்டர் விரிந்து சரியான அளவுக்கு வந்து நிற்கும். அதாவது, ஓடும்போது என்ன அளவாக இருக்க வேண்டுமோ அதைச் செய்தவன் முன்கூட்டியே கணக்கிட்டு, ஓடாதபோது தப்பாகவே செய்து வைத்திருக்கிறான்.

சகாதேவன் பிளைவீலை விரலால் மெல்லச் சுற்றினார். மேலே போய்ப் பிடித்தது. விட்டது. மறுபடி சுற்றினார். கண் இமைத்துத் திறப்பதற்குள் இது நூறு தடவை போய்வரும் என்று மனதுக்குள் கணக்கு வந்ததும் உடம்பு சிலிர்த்தது. அன்று மாலை மனைவி கொளஞ்சியம்மாள் உப்பு வாரிவிட்டு வந்து பார்த்தபோது, அவர் வெறும் பிஸ்டனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாங்க அது, வெள்ளியா?"

"வெள்ளி இன்னா பெருசு. இதப் பாரு கொளஞ்சி, இதைச் செஞ்சவன் மனுஷனே இல்ல."

"மனுஷன் செஞ்ச பம்பு அங்க நின்னுபோயி கெடக்குது. மேஸ்திரி கத்துறாரு, போங்க."

இருபத்து நாலு பேரிங்கையும் நான்கு நாளில் கழற்றிக் கழுவி மாட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எண்ணெய் படாத இரும்பை உப்பு தின்னும் என்பது உப்பளத்தில் யாரும் மறுக்காத பாடம். ஐப்பசி மழைக்கு முன் அங்கே மண்வெட்டி முதல் பம்புவரை எல்லாவற்றுக்கும் கறுத்த வேஸ்ட் ஆயிலால் ஒரு குளியல் உண்டு. ஊசி கிடைத்தாலும் எண்ணெயில் முக்கித்தான் வைப்பார்கள். விலை உயர்ந்த சாமான் ஆயிற்றே என்று, சகாதேவன் பக்கியைத் தலைகீழாகப் பிடித்து மேலும் கீழுமாக ஆயிலை ஊற்றி ஊறவைத்துத் துடைத்து வைத்தார்.

13.2.2005 அன்று அந்தோணிசாமி வந்து இஞ்சினைக் கிளப்பினார். இஞ்சின் அலறியது. வண்டி நகரவில்லை. இன்னும் முடுக்கினார். புகைதான் வந்தது. பிறகு எங்கேயோ பிடித்துக்கொண்டு சடாரென்று பாய்ந்தது. பிரேக் போட்டால் பிரேக் பிடிக்கவில்லை. நேராகப் போய் உப்புக் குவியலில் குத்தி நின்றது.

"கிளட்ச்சுலயா ஆயில் ஊத்துன?"

"எல்லாத்துலயும் ஊத்துனேண்ணே."

"பிரேக்குலயும்?"

"இரும்பாச்சேண்ணே..."

"ஏம்பா, உனக்கு மூளை இருக்குதா? பிடிக்க வேண்டிய எடத்துல வழுக்க வச்சிருக்கியே! இனிமே இந்த இஞ்சின் மேல உன் கை படக்கூடாது."

ஊறிப்போன கிளட்ச் ஷூக்களுக்குப் பதிலாகச் சென்னையிலிருந்து புதிது வரவழைத்துக் கொடுத்தார் சகாதேவன். முதல் வரி அதுதான்.

ஆனாலும் 2.3.2005 அன்று ஊருக்குக் கிளம்பும் முன் அந்தோணிசாமி அந்த நீலப் பெட்டியை சகாதேவனிடமே விட்டுப்போனார். காரணம் பேரிங்குகள். புதுச்சேரியில் அவருடைய சிநேகிதர்கள் வண்டிகளில் எல்லாம் துரு ஏறியிருந்தது. இந்த ஒன்றில் மட்டும் இருபத்து நாலும் கண்ணாடியாகச் சுழன்றன.

"உப்பு அண்டாம பாத்துக்க, போதும். கிளப்பாத. ஊசியைத் தொடாத. ஜனவரில இடையஞ்சாவடில ரேஸ் இருக்குது. நான் வரும்போது ஒரு புள்ளி துரு இருந்தாலோ, இஞ்சின்ல கை வச்சிருந்தாலோ பெட்டி உன்கிட்ட இருக்காது."

ஊசி என்பது கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகு. உள்ளே திருப்பினால் எரிபொருள் குறையும். அதிகம் குறைந்தால் இஞ்சின் வெந்துபோகும். அதற்கென்று இருந்த மெல்லிய ஸ்க்ரூடிரைவரை அந்தோணிசாமி பெட்டியிலிருந்து எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பெட்டியைத் திறந்தபோது அந்த இடம் மட்டும் காலியாக இருந்ததை சகாதேவன் பார்த்தார்.

அப்புறம் கடிதங்கள். சகாதேவன் எழுதினார்: இஞ்சினைச் சும்மா வைத்தால் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளாதா? பதில் வந்தது: பிஸ்டனை அடியில் நிறுத்தி வை, மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விடு. ஷாக் அப்சர்வரில் எண்ணெய் கசிகிறது, என்ன செய்ய? பதில் வந்தது, படத்தோடு. ஜூலைக் கடிதத்தில் உத்தரவு: 'கிளப்பி ஓட்டிப் பார். ஊசியை மட்டும் தொடாதே.'

இஞ்சினைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கும் எரிபொருளும் வாங்கி வந்து ஓட்டிப் பார்த்தபோதுதான் சகாதேவன் அதைக் கவனித்தார். காலை ஏழு மணிக்குக் கரைக்காற்றில் இஞ்சின் விசில் அடித்தது. மதியம் கடல்காற்று திரும்பிய பிறகு அதே இஞ்சின், அதே ஊசி, அதே எரிபொருள். தொண்டை கட்டியவன் மாதிரி இருமியது. ஈரக்காற்றில் உப்பு விளைச்சல் மந்தப்படுவது அவருக்குத் தெரியும். கடுகளவு துளை வழியாக மூச்சு விடும் இதற்குமா காற்றின் ஈரம் தெரியும்? முப்பது வருஷமாகப் பம்பு ஓட்டியும் எந்தப் பம்பும் அவரிடம் காற்றைப் பற்றிப் பேசியதில்லை.

4.9.2005 அன்று சைக்கிள் கடையில் ஓர் ஆரக்கம்பி வாங்கி, நுனியைத் தட்டித் தட்டையாக்கினார். மறுநாளிலிருந்து ஒன்று விட்டு ஒரு நாள், இருபத்து மூன்று நாள், காலையும் மாலையும் நாலு நாலு நிமிஷம். ஊசியின் தலையைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டு, எத்தனை மணி திருப்பினால் என்ன ஆகிறது என்று எழுதினார். இஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது எத்தனை எண்ணுவதற்குள் காய்கிறது என்றும் எழுதினார். மூன்று எண்ணினால் சரி. ஐந்து என்றால் எரிபொருள் அதிகம். விட்ட உடனே சுரீரென்றால் ஆபத்து. ஒவ்வொரு மாலையும் ஊசியைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தார்.

முடிவு ஒன்றுதான்: கடல்காற்று திரும்பினால் ஊசி ஒரு மணி உள்ளே போக வேண்டும். இருபத்து மூன்று நாளும் அதே ஒரு மணி.

"எழுதிப் போடாதீங்க," என்றாள் கொளஞ்சியம்மாள். "தொடாதன்னு சொன்ன மனுஷன். பெட்டி போயிடும். அப்புறம் நீங்க மூஞ்சியத் தொங்கப்போட்டுக்குனு திரிவீங்க, எனக்குத்தான் தலைவலி."

"பாத்ததை எப்படிடீ மறைக்கிறது?"

20.10.2005 அன்று அத்தனையும் எழுதித் தபாலில் போட்டார். பதில் வரவில்லை. நவம்பர் போனது. டிசம்பர் 21ஆம் தேதி அந்தோணிசாமியே வந்தார். பெட்டியைத் திறந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒரு புள்ளி துரு இல்லை. கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தயத்துக்கு சகாதேவன் எரிபொருள் ஊற்றினால் போதும் என்றார்.

22.1.2006. இடையஞ்சாவடிச் செம்மண் மேட்டில் ஏழு வண்டிகள். ஓட்டுகிறவர்கள் பலகை மேடையில் ஏறி நின்று ரிமோட்டைப் பிடித்தார்கள், ஊற்றுகிறவர்கள் கீழே. காலை ஓட்டத்தில் அந்தோணிசாமியின் பக்கி பறந்தது. இறுதி ஓட்டம் முப்பது நிமிஷம், மதியம் 2.40க்கு. ஒன்றேகால் மணிக்கே சகாதேவனின் உதட்டில் உப்புக் கரித்தது.

"அண்ணே, காத்து மாறிடுச்சு. ஒரு மணி உள்ள போவணும்."

"காலைல பறந்துச்சுல்ல? ரேஸ் நேரத்துல எவனும் ஊசில கை வைக்க மாட்டான்."

ஒன்பது வருஷமாக எந்தப் பந்தயத்திலும் அந்தோணிசாமியின் வண்டி முப்பது நிமிஷம் நிற்காமல் ஓடியதில்லை. அன்றும் அப்படித்தான் ஆகும் போலிருந்தது. தொடங்கியதும் இருமல், புகை, ஐந்தாவது இடம். எட்டாவது நிமிஷம் முதல் தடவை எரிபொருள் ஊற்றியபோது சகாதேவன் மேலே பார்த்தார், அந்தோணிசாமி பார்க்கவில்லை. பதினான்காவது நிமிஷத்துக்குள் வேறு இரண்டு வண்டிகள் திருப்பங்களில் அணைந்து நின்றன. பதினாறில் பக்கி திரும்ப வந்தபோது இஞ்சின் கையிலேயே சாகப் பார்த்தது.

"அண்ணே! ஒரு மணி!"

மேடையிலிருந்து தலை திரும்பவில்லை. குரல் மட்டும் வந்தது. "இன்னாவோ பண்ணித் தொலை! நின்னுச்சுன்னா பெட்டிய இன்னைக்கே எடுத்துக்கினு போயிடுவேன்!"

ஆரக்கம்பி சட்டைப் பையில்தான் இருந்தது. நுனியைப் பள்ளத்தில் வைத்து, பன்னிரண்டிலிருந்து ஒன்று. கைவிட்டார்.

நேர்ப்பாதையின் பாதிவரை அதே இருமல்தான். பிறகு, சேர்ந்திருந்த எரிபொருள் எரிந்து தீர்ந்ததும், சத்தம் ஏறியது. ஏறி ஏறி இன்னும் மேலே போக இடமில்லை என்ற இடத்தில் ஒரே கம்பியாக நீண்டது. சுற்றி நின்ற கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. மேட்டில் ஏறிய பக்கி தரையை விட்டு எழும்பி, அந்தரத்தில் சக்கரம் நாலும் சுழன்றபடி, வெயிலில் ஒரு கணம் நின்றது போலிருந்தது. சகாதேவனின் கையிலிருந்த எரிபொருள் புட்டி சாய்ந்து வேட்டியில் ஊற்றிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. ஒரு வினாடிக்கு ஐந்நூறு சுற்று. அந்த ஒவ்வொரு சுற்றுக்கும், கடலிலிருந்து வந்த அந்த ஈரக் காற்று, தான் எழுதி வைத்த அளவில் உள்ளே போய் எரிகிறது. அவருக்குக் கோயிலில் கூட அப்படிக் கண் கலங்கியதில்லை.

முப்பது நிமிஷமும் ஓடியது. இரண்டாம் இடம். அந்தோணிசாமி இறங்கி வந்து, இஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. காய்ந்தது.

"அந்தக் கம்பியக் காட்டு."

வாங்கிப் பார்த்தார். நுனியைக் கட்டைவிரலில் தேய்த்தார். திருப்பிக் கொடுத்தார். சகாதேவன் இரண்டு டீ வாங்கினார். அந்தோணிசாமி குடித்துவிட்டு எழும்போது சொன்னார்: "ஒம்போது வருஷம்பா எனக்கு." அது பாராட்டா, வருத்தமா என்று சகாதேவனுக்குப் பிடிபடவில்லை. பெட்டியை அவரே எடுத்துக்கொண்டு போனார்.

5.2.2006 அன்று அவர் விமானம் ஏறினார். பெட்டி லூர்துமேரி வீட்டு அலமாரியில் பூட்டிக் கிடப்பதாகவும் சாவி அவரோடு போய்விட்டதாகவும் செய்தி வந்தது.

"நின்னாதானே எடுத்துக்குனு போவேன்னாரு," என்றாள் கொளஞ்சியம்மாள். "நிக்கலியே. அப்புறம் இன்னாத்துக்கு எடுத்துக்குனு போனாரு?"

"நின்னிருந்தாக்கூட வச்சிட்டுப் போயிருப்பாரோ இன்னாவோ," என்றார் சகாதேவன்.

பம்பு சீசன் தொடங்கிவிட்டது. அவர் பம்புகளிடம் போனார். மதியம் காற்று திரும்பும்போது மட்டும் கை தன்னையறியாமல் சட்டைப் பையைத் தொடும்.

தூலோன் முத்திரையோடு கனமான ஓர் உறை வந்தது. உள்ளே அலமாரிச் சாவி. அதோடு, ஒரு வருஷத்துக்கு முன் பெட்டியிலிருந்து போன மெல்லிய ஸ்க்ரூடிரைவர். கடிதத்தில் மூன்றே வரி: 'தங்கச்சி வீட்டில் போய்ப் பெட்டியை எடுத்துக்கொள். ஊசியைப் பற்றி இனிமேல் என்னைக் கேட்டு எழுதாதே, எனக்கு அதற்குமேல் தெரியாது. ஆரக்கம்பியைத் தூக்கிப் போட்டுவிடாதே.'

அவர்களுக்குள் வந்த கடிதங்களில் அதுவே கடைசி. வந்த தேதி 9.3.2006, வியாழக்கிழமை.