பள்ளத்துக்குப் போன பந்தும் அந்தோனிமுத்துவும்

அந்தோனிமுத்து காலமான செய்தி வந்தபோது, அவரைக் கண்டித்து ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவு உதைபந்தாட்ட அணிக்கு அவர் தலைவர், நான் செயலாளர். தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு அவர் வரவில்லை. நான்காவதற்கும் வராவிட்டால் பதவியை விட்டுக் கொடுப்பது நாகரிகம் என்று எழுதி, கையொப்பம் இடும் தறுவாயில் தொலைபேசி அடித்தது. எங்கள் இடது ஓர ஆட்டக்காரன் மகேந்திரன், கொழும்பிலிருந்து பேசினான்.

"டீச்சர், அந்தோனி மாமா போயிட்டாங்க. காலையில தேத்தண்ணி குடிச்சிட்டு கதிரையில சாஞ்சவங்கதானாம். எந்திரிக்கல."

"தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சாரா?" என்று கேட்டேன்.

அவன் சற்றுத் திகைத்தான். "முடிச்சிட்டாங்கன்னுதான் ஸ்டெல்லா அத்தை சொன்னாங்க."

"அப்ப சரி" என்றேன். அது அந்தோனிமுத்துவின் சொல். எதையும் பாதியில் விடுவது அவருக்குப் பிடிக்காது, கூட்டங்களைத் தவிர. நான்கு வளைவுகளுக்கு அப்பால் நடந்த மரணம் கொழும்பைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தது. இக்காலத்துச் செய்திகள் அப்படித்தான் பயணம் செய்கின்றன. கடிதத்தைக் கிழிக்கவில்லை. அதில் எழுதியவை அனைத்தும் உண்மை.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். நோர்வூட்டுக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் வாழ்நாள் முழுவதும் கொழுந்து லொறி ஓட்டியவர். உயரம் குறைந்தவர், வளைவில் லொறி திரும்பும்போது தொப்பி மட்டும்தான் கண்ணாடியில் தெரியும். புதிதாக வந்த துரை ஒருவர், ஆளில்லாமல் லொறி வருகிறதென்று எண்ணித் தேயிலைக்குள் பாய்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். இறந்தவர்களை எல்லாம் வல்லவர்களாக்கிவிடுவது நம்மவர் வழக்கம். அந்தோனிமுத்து ஒருநாளும் உதைபந்தாட்டம் ஆடியவர் அல்லர். பந்தை உதைத்தால் செருப்புத்தான் தூரம் போகும். இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தரும் பழக்கமும் அவருக்கு இல்லை. அவருக்குத் தெரிந்தது ஒன்றே: பார்க்கத் தெரியும். லொறியை வளைவில் திருப்புகிறவர் பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பாரே, அந்தப் பார்வை.

தோட்டப் பாடசாலை அதிபராக இருந்து நான் ஓய்வு பெற்ற மறுவாரம் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், கிரவுண்டுக்குப் புல்லு வெட்ட துரைகிட்ட மூணு தடவ கேட்டாச்சு. நீங்க இங்கிலீஷ்ல ஒரு கடிதம் எழுதித் தரணும். படிக்கிறப்ப ஏசுற மாதிரி இருக்கணும். ஆனா ஏசுறோம்னு சொல்ல முடியாம இருக்கணும்."

இத்தனை துல்லியமாகத் தம் தேவையைச் சொன்ன மனிதரைப் பல்கலைக்கழகத்திலும் நான் கண்டதில்லை. எழுதிக் கொடுத்தேன். புல் வெட்டப்பட்டது. நான் செயலாளர் ஆனேன்.

அணியின் நோய் என்னவென்று முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. எங்களுக்கு விங் இல்லை. ஓரக்கோட்டை ஒட்டி ஓடி, தூரத்திலிருந்து வரும் பந்தை வாங்கி, எதிரணியைச் சுற்றி வளைத்து, கோலுக்கு முன்னால் நிற்பவனுக்கு அனுப்பும் ஆட்டக்காரனைத்தான் விங் என்கிறார்கள். எங்களவர்களோ பதினொரு பேரும் நடுவிலேயே மொய்ப்பார்கள், பெரட்டுக்களத்தில் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்பது போல. எதிரணிக்கு எங்களைத் தடுப்பது பெரிய வேலையே அல்ல. நடுவில் நின்றால் போதும். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் மேற்பிரிவு அணியோடு டவுன் மைதானத்தில் இறுதி ஆட்டம் ஆடுவோம். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் தோற்போம்.

நான் படித்தவள் அல்லவா, முறையாக அணுகினேன். தொழிற்சாலைப் பாதையில் இளைஞர்களை ஓடவிட்டு, கடிகாரத்தில் நேரம் பார்த்து, வேகமானவர்களைத் தேர்ந்தெடுத்து ஓரத்தில் நிறுத்தினேன். முதல் ஆண்டு எடுத்தவன் மூன்றாம் மாதமே கொழும்பில் ஓர் உணவு விடுதிக்கு வேலைக்குப் போனான். அடுத்த ஆண்டு எடுத்தவன் மேற்பிரிவுப் பெண் ஒருத்தியை விரும்பினான். பந்தும் பெரும்பாலும் மேற்பிரிவுக்கே போனது. அதற்கடுத்து வந்தவன் மகேந்திரன். மான் போல ஓடுவான். ஆனால் ஓரத்தில் நிறுத்தினால் ஆட்டம் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் நடுவில் இருப்பான். கத்தினால் ஓரத்துக்குப் போவான். கத்தி முடிப்பதற்குள் திரும்பி வந்துவிடுவான்.

"கோழை" என்று தீர்ப்பளித்தேன்.

"அவன் கோழ இல்ல டீச்சர். போன மாசம் தண்ணிக் கான்ல விழுந்த கன்னுக்குட்டிய கயிறு கட்டித் தூக்கினவன் அவன்தான். வேற என்னமோ இருக்கு" என்றார் அந்தோனிமுத்து.

அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில்தான் அந்த 'என்னமோ' வெளிப்பட்டது. ஆட்டம் முடியப் பத்து நிமிடங்கள். கோல் எதுவும் விழவில்லை. மகேந்திரன் உதைத்த பந்து கோட்டைத் தாண்டி, பக்கத்துப் பேக்கரி மதிலோரம் போய் நின்றது. உடனே எங்கள் பையன்கள் மூவர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "நீதான் அடிச்ச, நீதான் போகணும்" என்று ஒருவன் சொன்னது என் காதில் விழுந்தது. மகேந்திரன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பந்தை எடுக்க ஓடினான். மைதானத்தில் வேறு நான்கு பந்துகள் தயாராக இருந்தன. மேற்பிரிவினர் அவற்றில் ஒன்றை எடுத்து எறிந்து, எங்கள் ஆள் காலியாக விட்டுப்போன இடத்தின் வழியாகவே வந்து கோல் போட்டார்கள். மகேந்திரன் பந்தோடு திரும்பி வந்தபோது அவர்கள் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். "என்னா ஆச்சு?" என்று கேட்டான்.

கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. மேற்பிரிவுத் தலைவர் போகிற போக்கில், "அடுத்த வருசம் பந்து பொறுக்கவும் ஒரு கப் வைப்போம் அந்தோனி அண்ணே, அதுல நீங்கதான் சாம்பியன்" என்றார். தோட்டத்து விளையாட்டுக் கமிட்டி அன்று மாலையே முடிவெடுத்தது: அடுத்த பொங்கலிலும் கீழ்ப்பிரிவு தோற்றால் இனித் தனி அணி கிடையாது, இரண்டும் ஒன்றாகும். பெயர் மேற்பிரிவுடையதாகத்தான் இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பும் வழியில் லொறியின் முன் இருக்கையில் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். அந்தோனிமுத்து சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்ன சிரிப்பு?"

"டீச்சர், பயலுக காலுல கோளாறு இல்ல. நம்ம பள்ளத்துலதான் கோளாறு."

லொறியை எங்கள் மைதானத்தருகே நிறுத்திக் காட்டினார். மைதானம் என்பது மரியாதைக்காகச் சொல்வது. மலையை வெட்டி எடுத்த ஒரு துண்டு நிலம். ஒரு பக்கம் மண்மேடும், அதன் அடியில் அட்டை நெளியும் கானும். மறுபக்கம் கோட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை. தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே ஓடை. அங்கே போன பந்தை எடுத்துவர இறங்கி ஏறினால் கால்மணி நேரம். அதனால் நடக்கப் பழகிய நாளிலிருந்தே எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு சட்டம்: அடித்தவன்தான் எடுத்து வர வேண்டும். அந்தச் சட்டத்தில் வளர்ந்தவன் ஓரத்தில் ஆடுவானா? பந்தை நடுவிலேயே வைத்திருந்தால் கால் பிழைக்கும். சமதரையான டவுன் மைதானத்துக்குப் போனபோதும் எங்கள் பையன்கள் பள்ளத்தைக் கூடவே கொண்டுபோயிருக்கிறார்கள்.

நான் புவியியல் பட்டதாரி. சரிவுகளை வரைபடத்தில் எப்படிக் காட்டுவதென்று தலைமுறை தலைமுறையாகக் கற்பித்தவள். அந்த மைதானத்தைத் தினமும் பார்த்தவள். இதை எனக்கு ஒரு லொறி ஓட்டுநர் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அதை என்னிடம் சொல்லிக்காட்டவே இல்லை. அது பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். ஊர் முழுவதும் சொல்லிவைத்திருந்தார் என்பது அடக்கத்தன்றுதான் தெரிந்தது.

மறுவாரம் ஆட்டக்காரர்களைக் கூட்டி நிறுத்தினார்.

"இன்னையிலருந்து பள்ளத்துக்குப் போற பந்து என் பந்து. ஒருத்தனும் எறங்கக் கூடாது. மகேந்திரா, நீ கோட்டு மேலயே நில்லு. அஞ்சு பந்து பள்ளத்துக்குப் போகாம நீ இன்னைக்கு வீட்டுக்குப் போகக் கூடாது."

"மாமா, ஒங்க முட்டி தாங்காது."

"என் முட்டிய நான் பார்த்துக்கிறேன். நீ கோட்டப் பாரு."

என் பழைய மாணவர்களை அதட்டிக் கூடுதலாக ஐந்து பந்துகள் தருவித்தேன். அந்தோனிமுத்து ஒரு கொழுந்துக் கூடையைத் தேடி எடுத்தார். பெண்கள் கொழுந்து பறிக்கும்போது கட்டுவது போல இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, கூடையின் கயிற்றை நெற்றியில் மாட்டி, என் குடையையும் எடுத்துக்கொண்டு ஓடைக் கரைக் கல்லில் போய் அமர்ந்தார். விழுகிற பந்துகளைப் பொறுக்கிக் கூடை நிறைந்ததும் மேலே ஏறி வருவார்; கொட்டிவிட்டுத் திரும்ப இறங்குவார். சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு ஏது?

"டிரைவர் அண்ணே, இன்னைக்கு எத்தன கிலோ?"

"முத்தல்தான் ஜாஸ்தி தங்கச்சி. அரும்பு கொறவு."

"கங்காணி வந்தா அர நாள் பேருதான் போடுவாரு, பார்த்துக்கங்க!"

அந்தப் பெண்களில் அவருடைய மனைவி ஸ்டெல்லாவும் ஒருவர். அவர் மட்டும் சிரிக்கமாட்டார். "வீட்டுல ஒரு வாளி தண்ணி தூக்கச் சொன்னா முட்டி வலிக்குது. வேலையத்த வேலைன்னா பறந்துக்கிட்டு வர்றது இந்த மனுசனுக்கு" என்று தேயிலைக்குச் சொல்வார்.

பல மாதங்கள் அப்படிப் போயின. முதலில் மகேந்திரன் பந்து கோட்டைத் தாண்டும்போதெல்லாம் ஓரடி எடுத்துவைத்துவிட்டு நிற்பான். பிறகு கால் அசையாது, கழுத்து மட்டும் திரும்பும். ஒருநாள் பந்து பள்ளத்துக்குப் போனது, அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அடுத்த பந்த போடு!" என்று கத்தினான். கீழிருந்து ஒரு கைதட்டல் கேட்டது. அன்றுதான் அந்தோனிமுத்து ஓடையில் வழுக்கி என் குடையைப் பறிகொடுத்தார். பதிலுக்கு அவர் வாங்கி வந்த குடையில் மஞ்சள் வாத்துகள் இருந்தன. அதை நான் பிடிக்க மறுத்ததால் அவரே பிடித்துக்கொண்டார்.

அடுத்த பொங்கல் ஆட்டத்துக்கு, அதற்குள் கொழும்பில் வேலைக்குப் போயிருந்த மகேந்திரன் லீவு எடுத்து வந்தான். ஆடிய நேரம் முழுவதும் கோட்டை விட்டு அகலவில்லை. மூன்று பந்துகளைக் கூச்சமே இல்லாமல் வெளியே அடித்தான். ஒருமுறையும் தலை திரும்பவில்லை. கடைசி நிமிடங்களில் நாலாவது பந்தும் பேக்கரிப் பக்கம் போயிற்று. அதற்குப் பின் மேற்பிரிவினரிடமிருந்து எங்களவர்கள் பறித்த பந்து அவனை நோக்கி நீண்டு வந்தது. அவன் அதை ஓட்டத்திலேயே மார்பில் வாங்கி, ஒருவனைச் சுற்றிக்கொண்டு போய் உள்ளே தூக்கிக் கொடுத்தான். நடுவில் நின்றவன் தலையால் முட்டினான். கோல். நான் எழுந்து நின்று கத்தினேன் என்று சொல்கிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை.

பக்கத்தில் திரும்பினேன். அந்தோனிமுத்துவின் இருக்கையில் வாத்துக் குடை மட்டும் இருந்தது.

ஆட்டம் முடிந்த பிறகு பேக்கரிச் சந்திலிருந்து வந்தார், கக்கத்தில் பந்தோடு. பழக்கதோஷத்தில் எடுக்கப் போயிருக்கிறார்! எந்தத் தவறைக் கண்டுபிடித்து ஊருக்கே சொன்னாரோ, அதே தவறு.

"சத்தம் கேட்டுச்சு. யாருது கோலு?"

"நம்முடையதுதான்."

"விங்குலருந்தா வந்துச்சு?"

"ஆமாம்."

"அப்ப சரி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், பேக்கரி அடுப்புப் புகை என்றார். அணி பிழைத்தது. பெயரும் பிழைத்தது. அன்றிலிருந்து என்னைக் கண்டபோதெல்லாம், "நீங்க படிச்சவங்க டீச்சர், அந்தக் கோல ஒழுங்கா ஒருக்கா சொல்லுங்க" என்பார். சொல்வேன். ஒவ்வொரு முறையும் மகேந்திரன் ஒருவனை அதிகமாகச் சுற்றிக்கொண்டு போவான். கடைசியாகச் சொன்னபோது ஐந்து பேரைக் கடந்திருந்தான். அந்தோனிமுத்து எண்ணிக்கொண்டுதான் இருந்தார், ஆட்சேபிக்கவில்லை.

அடக்கத்துக்கு மேற்பிரிவினரும் வந்தார்கள். ஜெபம் முடிந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பயிற்சி நாள். ரத்துச் செய்ய எனக்கு அதிகாரம் உண்டு, செய்யவில்லை. மகேந்திரன் கொழும்புக்குத் திரும்பாமல் நின்றிருந்தான். ஸ்டெல்லா கறுப்புச் சேலையில் வாத்துக் குடையோடு வந்து, அதை என் பக்கம் வைத்துவிட்டு அருகே உட்கார்ந்தார். அவர் மைதானத்துக்கு வந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

மகேந்திரன் உதைத்த முதல் பந்து கோட்டைத் தாண்டிப் பள்ளத்துக்குப் போனது.

எல்லோரும் நின்றுவிட்டார்கள். கீழே கல்லில் யாருமில்லை. பையன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். யாராவது வாய் திறந்து பழைய சட்டத்தைச் சொல்லிவிட்டால், மகேந்திரன் ஓரடி எடுத்து வைத்துவிட்டால், அடுத்த வாரம் பதினொரு பேரும் நடுவில் நிற்பார்கள். நான் எழுந்தேன். என் முழங்கால்கள் உடன்படவில்லை. மகேந்திரன் காலை எடுத்தான்.

"டேய், நில்லு!"

ஸ்டெல்லா. கோல் கம்பத்தில் தொங்கிய கூடையை எடுத்து, கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீ எங்கடா போற? கோட்டு மேல நில்லு. நாங்க எறங்குற பள்ளந்தானே இது. அந்த மனுசன் கண்ணுக்குத் தப்புன பந்து இன்னும் ரெண்டு மூணு அங்க கெடக்கும், அதையும் சேத்துப் பொறுக்கிட்டு வாரேன். டீச்சர், அந்த வாத்துக் கொடய இங்க தாங்க."

கொடுத்தேன். மஞ்சள் வாத்துகள் தேயிலை நிரைகளுக்கிடையே இறங்கிப்போயின. மகேந்திரன் கோட்டின் மேல் போய் நின்று, "அடுத்த பந்த போடு!" என்று கத்தினான்.

போய் வாருங்கள், அந்தோனிமுத்து. பந்துக்கு ஆள் இருக்கிறது.