துரையின் துப்பாக்கிக்கு மூன்று ஸ்பிரிங்

மலாக்காவில் காலை நேரத்தில் காஜா பெராங் பக்கம் நடந்தால், நெற்றி நிறையத் திருநீறும் நடுவில் சந்தனமுமாக ஒருவர் எதிரே வருவார். நம்மூர் முகம்தான். ஆசையாக "என்னங்க, கோயிலுக்கா?" என்று கேட்டால், மரியாதையாகச் சிரித்துவிட்டு மலாயில் பதில் சொல்வார். இவர்கள் மலாக்காச் செட்டிகள். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்தவர்கள். சாமியைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள், தமிழ் மட்டும் எங்கோ தங்கிவிட்டது. வந்த புதிதில் நான் அவர்களுக்காகப் பரிதாபப்பட்டேன். என் மலாயைக் கேட்டு அவர்கள் எனக்காகப் பரிதாபப்பட்டது பிறகுதான் தெரிந்தது.

நான் இங்கே ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், துப்பாக்கிக் கடையில் ரிப்பேர்காரன். ஊரில் இதைப் படிக்கும் நண்பர்கள் மிரள வேண்டாம். மன்னார்குடி சைக்கிள் கடையில் இருந்தவரைக்கும் நான் கையில் பிடித்த ஒரே துப்பாக்கி, தீபாவளிக்குப் பொட்டு வெடி வைத்துச் சுடுவது. தவுக்கே என்னைச் சேர்க்கும்போது ஸ்பிரிங் வேலை தெரியுமா என்றுதான் கேட்டார். சைக்கிள் சீட்டுக்கு அடியில் இருப்பதும் ஸ்பிரிங்தானே. தெரியும் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தொழில் என்னைக் கற்றுக்கொண்டிருக்கிறது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்தபோது கட்டிய கொடி இன்னும் கடை வாசல்களில் வெளுக்காமல் இருந்த நேரம், மணியம் என்ற செட்டி டிரைவர் துணியில் சுற்றிய துப்பாக்கியோடு வந்தார். குருபோங்கைத் தாண்டிய ஒரு தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைக்குக் கார் ஓட்டுகிறவர். சுதந்திரம் வந்தாலும் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை ஓயவில்லை. ரப்பர் மரங்களுக்கு நடுவே போகும் அந்தச் சாலையில் துரையின் மடியில் எப்போதும் இந்தத் துப்பாக்கி இருக்கும். சுட்டதும் காலிக் கூட்டைத் தானே வெளியே எறிந்துவிட்டு அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரகம். கூட்டைக் கவ்வி இழுக்க உள்ளே ஒரு கொக்கி, கொக்கியை அழுத்திப் பிடிக்க அரிசி மணி நீளத்துக்கு ஒரு ஸ்பிரிங். அதற்கு முந்தின வாரம் துரை மரத்தைக் குறிவைத்துச் சுட்டுப் பார்த்தபோது முதல் குண்டோடு சரி. கூடு உள்ளேயே சிக்கிக்கொண்டது. ஸ்பிரிங் செத்துவிட்டது, நல்லதாகப் பார்த்துப் போடு என்று துரை சொல்லி அனுப்பியிருந்தார்.

"துவானுக்குத் துப்பாக்கி இருக்கு. எனக்கு ஸ்டீரிங்தான் இருக்கு, பாங்," என்றார் மணியம். துவான் என்றால் துரை, பாங் என்றால் அண்ணன். மூன்று பெண்களைப் பெற்றவர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சுத்தியலைப் பிடித்த என் கை மட்டும் சிரிக்கவில்லை.

மூன்று ஸ்பிரிங்குகளைக் கண்ணாடி மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று மெழுகுத்தாளில் சுற்றிச் சீமையிலிருந்து வந்தது. இன்னொன்று கழித்துப்போட்ட துப்பாக்கியிலிருந்து தவுக்கே பிடுங்கி வைத்திருந்தது. மூன்றாவது, கம்பி வாங்கி நானே சுற்றியது. உருட்டிப் பார்த்தேன். சீமைச் சரக்கு நேராக ஓடியது, பழையது கொஞ்சம் சாய்ந்து ஓடியது, என்னுடையது ஓடவே இல்லை, யோசித்தது. நகத்தால் அழுத்தினால் சீமைச் சரக்கு முறைத்துக்கொண்டு நின்றது. பழையது அழுந்தியபின் முழுசாக நிமிரவில்லை. என்னுடையது நிமிர்ந்த வேகத்தில் மேஜைக்கு அடியில் போய்விட்டது. நானும் மணியமும் தவழ்ந்து தேடினோம். ஒவ்வொன்றாக மாட்டி, மருந்தில்லாத போலித் தோட்டாவை ஏற்றி இழுத்துப் பார்த்தேன். மூன்றுக்குமே கூடு உள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

"சாமா ஜுகா," என்றார் மணியம் ஒவ்வொரு தடவையும். எல்லாம் ஒன்றுதான் என்று அர்த்தம். மூன்றாவது தடவை சொல்லிக்கொண்டே, துப்பாக்கி சுற்றிவந்த துணியை எடுத்து மடித்தார். மறுநாள் காலை அதே சாலையில் துரையை ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

கொக்கிக்கு அடியில் மஞ்சளாக ஒரு பொருக்கு ஒட்டியிருந்ததை முதலிலேயே பார்த்திருந்தேன். கம்பெனிக்காரன் பூசிய பூச்சு என்று நினைத்து, பயபக்தியோடு அதைத் தொடாமல் சுற்றி வேலை பார்த்தேன். இப்போது வெறுத்துப்போய் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஊசியால் கிளறினேன். மண்ணெண்ணெய் நெடியைத் தாண்டிக்கொண்டு மாரியம்மன் கோயில் வாசனை வந்தது.

மன்னார்குடியில் ஒரு ஆயுத பூஜைக்கு எங்கள் முதலாளி காற்றடிக்கும் பம்பின் வாய்க்கும் சந்தனம் வைத்தார். மறுநாள் முதல் சைக்கிளுக்குப் பம்பு ஊதவில்லை, முதலாளிதான் ஊதினார். அந்த வாசனை எனக்கு அத்துப்படி.

நிமிர்ந்து மணியத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். துரை கிளப்பில் இருந்த நேரம் மணியம் காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டாராம். சந்தனம் மிச்சம் இருந்தது. சாலையில் காப்பாற்றப்போவது துப்பாக்கிதானே, அதற்கு வைக்காமல் விடலாமா? நெற்றி எது என்று தேடியிருக்கிறார். கொக்கி இருக்கும் இடம்தான் நெற்றி மாதிரி தெரிந்திருக்கிறது. நன்றாக அழுத்தியே வைத்திருக்கிறார். துவானுக்குத் தெரிந்தால் வேலை போச்சு என்றார்.

"வைங்க, மணியம். ஆடி அசையுற இடத்துல மட்டும் வேணாம். அசையாத இடமாப் பாத்து வைங்க," என்றேன். என் மலாயில் இது எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

துடைத்துவிட்டுப் பார்த்ததில் சீமை ஸ்பிரிங்தான் கச்சிதம். என்னுடையதைப் போடலாம் என்று மனசு ஆடியது; மூன்று பெண்களை நினைத்துக்கொண்டு சீமையையே போட்டேன். மறுநாள் விடிந்ததும் நானும் தோட்டத்துக்குப் போனேன். துரை சுடச்சுடக் கூடுகள் வலப்பக்கம் துள்ளித் துள்ளி விழுந்தன. மணியம் ஒவ்வொன்றையும் கண்ணால் பொறுக்கிக்கொண்டிருந்தார். துடைத்தும் வாசனை முழுசாகப் போகவில்லை போல, துரை துப்பாக்கியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். மணியம் காருக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். இது என்ன வாசனை என்று துரை கேட்டார். ஸ்பெஷல் எண்ணெய் என்று என் சொந்த இங்கிலீஷில் சொன்னேன். அவருக்குப் பிடித்துவிட்டது, மாதாமாதம் இதையே போடச் சொன்னார்.

ஆகவே மாதம் ஒருமுறை அந்தத் துப்பாக்கி எங்கள் கடைக்கு வருகிறது. கொக்கியை நான் பார்த்துக்கொள்கிறேன். துப்பாக்கிக் கட்டையின் அடிப்பக்கம், அசையாத இடத்தில், மணியம் கோயில் சந்தனத்தை ஒரு பொட்டு வைக்கிறார்.

போன தடவை விரலில் கொஞ்சம் மிஞ்சியது. என் நெற்றிக்குக் கொண்டுவந்தவர், பாதியில் நிறுத்தினார்.

"பாங் ஊருக்குத் திரும்பிப் போவீங்களா, இங்கேயே இருப்பீங்களா?"

இந்த நாட்டுக் குடியாக ஆகிறாயா என்று தவுக்கே கேட்கிறார், எப்போது வருகிறாய் என்று மன்னார்குடி கேட்கிறது. இரண்டு பேருக்கும் சிரித்துச் சமாளித்துவந்தவன், இவரிடம் சிரிக்க முடியாமல் நின்றேன். அவர் விரலை எடுக்கவில்லை. சந்தனம் காய்வதற்குள், முகத்தை மட்டும் அசையாமல் வைத்துக்கொண்டேன்.