மூன்றாம் அழைப்பு

நீதிமன்றத்தில் சாட்சிகளை மும்முறை பெயர் சொல்லி அழைக்கும் டவாலி அவர். நெடிய உருவம், தூண் அதிரும் குரல். தெருவில் கீரைக்காரியையும் மூன்று முறை கூப்பிட்டுவிட்டே நிறுத்துவார்.

ஒரு தை அமாவாசையன்று, படையலின்போது பதிகம் பாட, அன்னவாசலிலுள்ள தம் வீட்டுக்கு ஓதுவாரான என்னை அழைத்திருந்தார். சுவரோரம் தரையை மெழுகிச் சாமந்திச் சரங்களைத் தொங்கவிட்டிருந்தார். மறைந்த தாய், தந்தை, மனைவி மூவருக்கும் புதுத்துணி வைத்து, இலையிட்டு, ஒவ்வொருவரையும் மும்முறை உண்ண அழைத்தார். பிறகு நான்காவது இலையை விரித்து, அதனருகே புதுவேட்டி ஒன்றை வைத்தார்.

"இது யாருக்கு?" என்றேன்.

"எனக்குத்தாங்க. புள்ளகுட்டி இல்ல. நான் போன பெறகு யாருங்க எலை போடுவா? நீங்க கூப்பிடுங்க."

நான் இலையை விட்டு விலகி நின்றேன். "உசுரோட இருக்கிற ஆளுக்குப் படையலா? என்ன பேச்சுய்யா இது! வேணும்னா நீரே கூப்பிட்டுக்கும்."

"கூப்புடுறவனே ஆஜராக முடியுங்களா, ஐயா?" என்று சிரித்தார். ஆனால் கண்கள் கலங்கியிருந்தன. மறுமொழிக்குக் காத்திராமல் வாசலுக்கு வெளியே போய்க் கைகட்டி நின்றார்.

அந்த நிலையைக் காணப் பொறாமல் அழைத்தேன். அவர் அசையவில்லை. மீண்டும் அழைத்தேன்.

"இன்னும் ஒரு தடவங்க" என்றார், மிகுந்த பணிவோடு.

மரணத்துக்கு அஞ்சாத அடியார்களின் பாடல்களை நாள்தோறும் ஓதிய நா என்னுடையது. அந்த மனிதரின் பெயரை மூன்றாம் முறை சொல்ல அது எழவேயில்லை. அவரோ வெளியே நின்றுகொண்டே இருந்தார்.