சாம்பல் கலந்த கோதுமை

எழுபதுகளில் வளைகுடாவில், ராஸ் அல் கைமா மலைப்பக்கம் ரோடு போடுகிற கேம்ப்பில் எனக்குச் சமையல் வேலை. வெள்ளிக்கிழமைதோறும் மலையிலிருந்து ஓர் அரபிக்காரர் கழுதையோடு இறங்கி வருவார். வெடித்த பாதம், கையில் சின்னக் கோடாலி. எலுமிச்சம்பழம் கொடுத்து அரிசி வாங்கிப் போவார். என்னை 'ரஃபீக்', தோழா, என்றுதான் கூப்பிடுவார். சும்மா எதையும் வாங்கமாட்டார். ஒரு டீ கொடுத்தால்கூட, குடித்த இடத்தில் ஒரு பழத்தை வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

இரண்டு வருஷமாக மழையில்லை. எலுமிச்சை மரமும் காய்ந்துபோனது. ஒருநாள் பழத்துக்குப் பதிலாக ஒரு சின்னப் பையை நீட்டினார். கோதுமை. அள்ளிப் பார்த்தேன், கையில் சாம்பல் ஒட்டியது. எங்கள் ஊரிலும் விதைக்குத்தான் சாம்பல் கலப்போம்.

"பாபா, இது விதையாச்சே! அரிசி தர்றேன், இதையும் கொண்டு போங்க" என்றேன், பாதி அரபியும் பாதி சைகையுமாக.

"மழை மாஃபி, மழையே இல்ல, ரஃபீக். பிள்ளைங்க பசியில கிடக்குது. விதையை எங்க வீட்ல வேகவைக்கமாட்டோம். நீ வேகவை" என்றார். பையை அடுப்படியில் வைத்துவிட்டு, அரிசியோடு மலையேறிப் போனார்.

விதையை வேகவைக்க எனக்கு மட்டும் மனசு வருமா? பையை முருகன் படத்துக்குக் கீழே வைத்து, "மலைக்கெல்லாம் நீதானே சாமி, அந்த மலைக்கும் மழை கொடுப்பா" என்று தினமும் அழுதேன்.

அதற்கப்புறம் எந்த வெள்ளிக்கிழமையும் அவர் இறங்கவில்லை. ஒன்றரை மாதம் கழித்துக் கொட்டியது மழை. பையை நனையாமல் மடியில் கட்டிக்கொண்டு பாதை முனையில் நின்றேன். மண்ணில் ஈரம் இருந்த நாளெல்லாம் நின்றேன். அவர் வரவில்லை.

அவர் வீடு எந்த மலையில் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.