வெள்ளிக்கிழமைக் குளிசை

கரவெட்டியில் எங்கள் ஒழுங்கையில் முதலில் லைட் எரிவது கஜந்தினியின் வீட்டில்தான். சுடுதண்ணி வைக்கிறாள் என்று அர்த்தம். அவளுடைய பெரியம்மா மீனாம்பிகைக்கு விடிகாலையில் விரல்கள் மடங்காது. பேசினில் இளஞ்சூட்டு நீர் விட்டு, கைகளை அதில் வைத்து, விரல் விரலாக நீவி விட்டால்தான் ஒரு கோப்பையைப் பிடிக்க முடியும். பிறகு தலைமுடியை வாரி இழுத்து, சட்டைக் கொளுக்கி பூட்டி, கரண்டிப் பிடியில் துணி சுற்றிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கஜந்தினி தன் முகத்தைக் கழுவுவாள். அதன்பின் சங்கக் கடைக்கு வேலைக்கு ஓட்டம். பின்னேரம் வந்தால் மறுபடி அதே கை, அதே சுடுதண்ணி.

பொறுமைசாலி என்று ஊர் அவளைப் புகழும். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும். பக்கத்து வீட்டிலிருந்து பார்க்கிறவள் நான். அது பொறுமை இல்லை, களைப்பு. சண்டை பிடிக்கவும் தெம்பில்லாத களைப்பு.

சின்ன வயதிலேயே தாயை இழந்தவள் அவள். கலியாணம் கட்டாத பெரியம்மா, வெங்காயத் தோட்டங்களில் நாள் முழுக்கக் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கி அவளை வளர்த்தார். அப்படிப்பட்டவரை விட்டுவிட்டு எங்கே போவது? வவுனியாவில் இருந்து ஒரு பொருத்தம் வந்திருந்தது. நாற்பதை நெருங்கும் பெண்ணுக்கு அதைவிட நல்ல இடம் வராது. மாப்பிள்ளை அமைதியான ஆள், அவளுக்கும் பிடித்திருந்தது. “பெரியம்மாவின்ரை கை கொஞ்சம் சுகப்படட்டும், பிறகு சொல்லுறன்” என்று தரகரிடம் இழுத்துக்கொண்டே இருந்தாள். கைதான் சுகப்படுவதாக இல்லை.

இத்தனைக்கும் மூட்டுவாதத்துக்கு மருந்து இருந்தது. கிழமையில் ஒரேயொரு நாள் போடும் மஞ்சள் குளிசைகள். எந்த நாள் என்றாலும் ஒரே நாளாக இருந்தால் சரி என்று கிளினிக்கில் சொன்னார்கள். கஜந்தினி வெள்ளியைத் தெரிவு செய்தாள். பெரியம்மா எதை மறந்தாலும் வெள்ளிக்கிழமை விரதத்தை மறக்கமாட்டார். கோயிலால் வந்து ஒருநேரச் சோறு சாப்பிட்டதும் குளிசை. உறையைக் கிழித்து அவருடைய உள்ளங்கையில் வைப்பாள். “சாமியைக் கும்பிட்டிட்டு விழுங்கிறன்” என்று அவர் சுவாமி அறைக்குள் போவார்.

போன கிளினிக்கில் டொக்டர் விரல்களைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “மருந்து கேக்கேல்லைப் போலை. அடுத்த முறையும் இப்பிடியே இருந்தா அளவைக் கூட்டவேண்டி வரும்.”

கொடியேற்றத்துக்கு முதல் சுவாமி அறையைக் கழுவப்போன கஜந்தினி, படத்துக்குப் பின்னால் இருந்த பழைய திருநீற்றுப் பேணியைத் திறந்தாள். அடியில் மஞ்சள் குளிசைகள் குவிந்து கிடந்தன.

“இதென்ன பெரியம்மா?”

“நான் எறியேல்லை, பிள்ளை. சாமிக்கு முன்னாலைதான் வைச்சனான்.”

“ஒண்டும் விழுங்கேல்லையோ?”

“முதல் விழுங்கினனான். சாப்பிட்டதெல்லாம் வெளியிலை வந்து சத்தியாப் போச்சு. விரதச் சோத்தைச் சத்தியெடுத்தா விரதம் முறிஞ்ச மாதிரித்தானே.”

“வேறை நாளிலை தா எண்டு கேட்டிருக்கலாமே!”

“வெள்ளியிலைதான் போடவேணும் எண்டு டொக்டர் சொன்னதாக்கும் எண்டு இருந்திட்டன்.”

“அப்ப விரதத்தை விட்டிருக்கலாம்!”

“எப்பிடி விடுறது? உனக்கு ஒரு நல்லது நடக்கவேணும் எண்டுதானே பிடிக்கிறன்.”

கஜந்தினி கத்தி நான் கேட்டதில்லை. அன்று வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. “உங்கடை இந்தக் கையாலைதான் எனக்கு ஒண்டும் நடக்கேல்லை!”

பின்னேரம் என்றாலும் வழக்கம்போல சுடுதண்ணி கொதித்தது. பேசினுக்கு முன்னால் இருந்து விரல்களை நீவும்போது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லையாம்.

கஜந்தினி கிளினிக் தாதிக்குப் போன் எடுத்துக் கேட்டாள். மருந்து போடும் நாளை மாற்றலாம், சத்தி வராமலிருக்கவும் வழி இருக்கிறது, விட்ட குளிசைகளைச் சேர்த்து மட்டும் போடக் கூடாது என்று அவர் சொன்னார். சனிக்கிழமை மருந்து தொடங்கப் பெரியம்மாவுக்குப் பயம், சனி தொடருமாம். “அப்ப புதன். பொன் கிடைச்சாலும் புதன் கிடையாது எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்” என்று கஜந்தினி முடித்துவிட்டாள்.

அந்தப் புதனுக்கு முதல்நாள் தரகரும் போன் எடுத்தார். வவுனியாக்காரருக்கு வேறிடத்தில் சரிவந்துவிட்டதாம். வேலியடியில் நின்று எனக்குச் சொன்னாள். எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் கொடியில் கிடந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

புதன்கிழமை நான் அங்கே இருந்தேன். மீனாம்பிகை சுவாமி அறைப் பக்கம் போகவில்லை. கஜந்தினிக்கு முன்னாலேயே குளிசைகளை விழுங்கி, குழந்தைப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து காட்டினார்.

“இனிக் கை சுகப்பட்டிடும். வவுனியா ஆக்களுக்கு ஓம் எண்டு சொல்லு பிள்ளை.”

கஜந்தினி என்னைப் பார்க்கவில்லை. வளைந்த அந்த விரல்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“ஓம் பெரியம்மா, சொல்லுறன்.”

“அப்ப இந்த வெள்ளியும் விரதம் பிடிக்கிறன்.”

“பிடியுங்கோ” என்றாள்.