இரண்டு மிடறு ஒயினுக்காக அடையாறும் தி.நகரும்

சனிக்கிழமை, காலை 11.25. சாந்தோம் நிறுத்தத்தில் பிங்க் பேருந்தில் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அடையாறு வரை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். பையில் தண்ணீர் பாட்டிலும் இன்ஹேலரும் இருந்தன.

நாளை இல்லை, அடுத்த ஞாயிறு எனக்கு நிச்சயதார்த்தம். கேக் வெட்டியதும் பெண்ணும் மாப்பிள்ளையும் எல்லார் முன்னாலும் ஒயின் குடிப்பது எங்கள் வழக்கம். இரண்டு மிடறுதான். போன மாதம் ஒரு தோழியின் கல்யாணத்தில் அதே இரண்டு மிடறு குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் மூச்சு இழுத்து, மண்டபத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை அந்தோணியின் அம்மா பார்த்துவிட்டார். "பொண்ணுக்கு வீசிங்கா? சொல்லவே இல்லியே" என்று என் அம்மாவிடம் கேட்டார்.

மயிலாப்பூர் டாக்டர் பரிசோதித்துவிட்டு, ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்பைட் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். ஒயின் புளிக்கும்போது தானாகவே கொஞ்சம் உண்டாகுமாம். அதை என் உடம்பு பொறுத்துக்கொள்ளலாமாம். குறைவாக இருப்பதைத் தேடிப் பிடித்து, இன்ஹேலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முன்கூட்டியே ஒரு மிடறு குடித்துப் பார்க்கச் சொன்னார்.

"திராட்சை ஜூஸ் ஊத்திக்கலாம் ஜெனி, யாருக்குத் தெரியப்போவுது" என்றான் அந்தோணி.

"எனக்குத் தெரியும்ல."

அது மட்டுமில்லை. எனக்கு ஒயின் பிடிக்கும்.

12.10. அடையாறு. குளிரூட்டிய மதுக்கடை அப்போதுதான் திறந்திருந்தது. வரிசையில் நின்ற ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நான் பாட்டில்களைத் திருப்பிப் பின்பக்கம் படிக்க ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மாத்திரை அட்டை, கரண்ட் பில், அப்பாவின் படகுக்கான டீசல் மானிய விண்ணப்பம் எல்லாம் என் கைக்குத்தான் வரும். எழுத்தில் இருப்பது என்னிடமிருந்து தப்பாது என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. 850 ரூபாயிலிருந்து 2,400 ரூபாய் வரை பதினான்கு பாட்டில் படித்தேன்.

"இன்னா மேடம், பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"சல்பைட் இல்லாதது வேணும்."

"எல்லாத்துலயும் கீது."

"எதுல கம்மி?"

"கீதுன்னு மட்டும்தான் போடுவான். எவ்ளோன்னு எவன் எழுதுறான்?"

வெறுங்கையோடு வெளியே வந்து ஷேர் ஆட்டோவில் ஏறினேன். இருபது ரூபாய்.

1.05. பெசன்ட் நகர். வேளாங்கண்ணி கோயிலுக்குப் பின்தெருவில் ஃபிலோ ஆன்ட்டியின் வீடு. அம்மாவிடம் பல வருஷமாக எறா வாங்குபவர். வருஷா வருஷம் பீங்கான் பரணியில் ஒயின் போடுவார். என் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறவர்களுக்கும் அவர் ஒயின்தான். பன்னீர் திராட்சை, சர்க்கரை, கோதுமை, ஈஸ்ட். "மருந்து கிருந்து ஒண்ணும் கிடையாதும்மா, தைரியமா குடி" என்றார். கருஞ்சிவப்பு, நல்ல தித்திப்பு, தொண்டையில் இறங்கும்போது இதமான சூடு. ஒரு மிடறு போதும் என்று தெரிந்தும் இரண்டாவதையும் குடித்தேன்.

1.25க்குத் தொண்டை அரித்தது. 1.35க்கு நெஞ்சுக்குள் விசில் அடித்தது. இன்ஹேலரை இரண்டு முறை இழுத்தேன். ஆன்ட்டி விசிறிக்கொண்டே மாதாவைக் கூப்பிட்டார். பேச்சு வந்ததும், வேறு என்ன போட்டீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லியே. கடைசியா மஞ்சள் கிஸ்மிஸ் அரை கிலோ. எப்பவும் போடுறதுதான்."

மிச்சமிருந்த கிஸ்மிஸைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வெறும் பிளாஸ்டிக் பை. ஓர் எழுத்துகூட இல்லை. தி.நகரில் வாங்கினாராம்.

ஒரு மணி நேரம் படுக்க வைத்தார். அதற்கு மேல் என்னால் படுக்க முடியவில்லை.

3.00. ஆட்டோ, 210 ரூபாய். அடையாற்றில் மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே நின்றபோது டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"மூச்சு வாங்கிக்கினு கீறியேம்மா. ஆஸ்பத்திரிக்கா?"

"கிஸ்மிஸ் கடைக்கு."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஹார்னை அழுத்தினார்.

3.50. ரங்கநாதன் தெருவில் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே தள்ளிக்கொண்டு போகும். கடையில் மஞ்சள் கிஸ்மிஸ் கிலோ 480, கருப்பு 560.

"மஞ்சள் எப்படிண்ணா இப்படிப் பளபளன்னு இருக்கு?"

"கந்தகப் புகை காட்டித்தான் காயவெப்பாங்க. இல்லாட்டி அதுவும் கறுத்துடும்."

"இதை எழுதி வெக்கக் கூடாதா?"

"பெட்டியில எழுதியிருக்கும். அரை கிலோ வாங்குறவங்களுக்குப் பெட்டியவா குடுக்க முடியும்?"

அந்தக் கந்தகம்தான் கிஸ்மிஸில் சல்பைட்டாகத் தங்குகிறது. பதினான்கு லேபிள் படித்தவள், லேபிளே இல்லாத ஒன்றை யோசிக்கவில்லை. அங்கேயே நின்று ஆன்ட்டிக்குப் போன் செய்தேன். எல்லா பாட்டிலிலும் அந்த ஒயின்தானா?

"உங்க மாமாவுக்குத் தித்திப்பு ஆவாதுன்னு, கிஸ்மிஸ் போடுறதுக்கு முன்னாடியே ஒரு பாட்டில் எடுத்து வெச்சேன். ஆனா இன்னிக்கு வராத. மூச்சு அடங்கட்டும்."

மறுநாள் ஞாயிறு, 11.15. பூசை முடிந்து அந்தோணியோடு மறுபடி பெசன்ட் நகர். மாமா தன் பாட்டிலை அவரே எடுத்து வந்தார். ஒரே ஒரு மிடறு. துவர்ப்பு, புளிப்பு, பின்னால் மெதுவாகத் திராட்சைத் தோலின் மணம்.

"உக்காரு ஜெனி" என்றான் அந்தோணி. முடியவில்லை. இன்ஹேலரைக் கையில் பிடித்துக்கொண்டு கோயில் வாசலிலிருந்து கடற்கரைச் சாலைக்கும் திரும்பக் கோயில் வாசலுக்கும் நடந்தேன். அவன் கைபேசியில் மணி பார்த்தபடி கூடவே வந்தான். பத்து நிமிடம். இருபது. தொண்டை அரிக்கிறதா, அல்லது நானே அரிக்க வைக்கிறேனா? முப்பது. நான்காவது நடையில் நாற்பத்தைந்து.

"இன்னா, மூச்சு?"

"இருக்கு."

வீட்டுக்குள் போய் இரண்டாவது மிடறைக் குடித்தேன், அவசரப்படாமல். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை.

"எனக்குன்னு இருந்தது ஒரே பாட்டில்" என்றார் மாமா. "அதையும் கல்யாணப் பொண்ணு தூக்கினு போவுது."

மதியம் 1.50. சாந்தோம். பாட்டிலைச் சமையலறை மேடையில் வைத்தேன். இந்த மேடையில் இருக்கும் எந்த டப்பாவிலும் எழுத்து இல்லை என்பது இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. வெள்ளைத் தாளில் பெரிதாக 'ஜெனிக்கு மட்டும், கிஸ்மிஸ் இல்லை' என்று எழுதி பாட்டிலில் ஒட்டினேன்.

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு ஊத்தப்போறது நானு. இந்த எழுத்துல எனக்கு இன்னா தெரியும்?"

அப்பாவின் வலை நூலில் ஒரு முழம் அறுத்துவந்து, பாட்டிலின் கழுத்தில் மூன்று சுற்று சுற்றி, படகுக் கயிற்றுக்குப் போடும் முடிச்சைப் போட்டு இறுக்கினார். நான் ஒட்டிய தாள் அதற்குள் ஒரு மூலையில் உரிந்திருந்தது. அதை மறுபடி ஒட்டவில்லை.